கைக்குத்தல் அரிசி: யாருடைய கை?

நான் ஓய்வு பெற்றது 2009-இல். சர்க்கரை வந்ததும் அதே வருடம்தான். பென்ஷன் ஆணையைப் பத்திரமாகப் பீரோவில் வைத்தேன். டாக்டர் எழுதிக் கொடுத்த உணவு அட்டவணையைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மறுநாளே செங்கல்பட்டு கடைத்தெருவுக்குப் போய்க் கம்பு, வரகு, சாமை, தினை, கைக்குத்தல் அரிசி என்று இரண்டு பை நிறைய வாங்கி வந்தேன். விடியற்காலை நடை, இரவில் கஞ்சி, காபிக்குச் சர்க்கரை கிடையாது. ஒரு மண்டலம்கூடத் தாங்கவில்லை. பொங்கல் வந்தது, சர்க்கரைப் பொங்கல் வந்தது, அவ்வளவுதான். வரகில் பூச்சி விழுந்தது.

இதே மாதிரி இதுவரை ஏழு முறை தொடங்கியிருக்கிறேன். ஆறாவது முறையோ ஏழாவது முறையோ, கைக்குத்தல் அரிசியின் பெருமையை நான் விவரித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி கேட்டாள்: "கைக்குத்தல், கைக்குத்தல்னு சொல்றீங்களே, யாரு கைங்க அது?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அலுவலகத்தில் பழைய கோப்புகளைப் புரட்டிய பழக்கம் விடவில்லையாதலால், இந்த விஷயத்தின் பழைய கோப்பையும் புரட்டிப் பார்த்தேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் பத்தியச் சாப்பாட்டுக்கு 'ரெஜீம்' என்று பெயர். ஆட்சிக்கும் அதே சொல்தான். புரட்சிக்கு முந்தைய மன்னராட்சியை 'ஆன்சியன் ரெஜீம்' என்று வரலாற்று வகுப்பில் மனப்பாடம் செய்தோம். வயிற்றை ஆள்வதும் நாட்டை ஆள்வதும் ஒரே சொல்லில் அடங்குகிறதே என்று அப்போது சிரித்தோம். இப்போது சிரிப்பு வருவதில்லை.

எது நல்ல சாப்பாடு என்பது நமக்கு நேற்றுத் தெரிந்த சங்கதி அல்ல. ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் துவண்டுபோவதை 1890-களிலேயே கவனித்தார். அதற்காக 1929-இல் நோபல் பரிசும் பெற்றார். நம் குன்னூரிலோ, பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மக்காரிசன் என்ற ஆங்கில அரசின் மருத்துவ அதிகாரி 1920-களில் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடும் சாப்பாட்டை, எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்து வளர்த்தார். சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்ற சீக்கியர் சாப்பாட்டில் வளர்ந்த எலிகள் கொழுகொழுவென்று முதலிடம். கடைசி இடம் யாருக்கு என்கிறீர்கள்? மதராஸிச் சாப்பாட்டுக்கு. வெள்ளைச் சோறும் கொஞ்சம் குழம்பும் தின்ற எலிகள் நோஞ்சானாக நின்றன. இதைப் படித்த அன்று என் தட்டைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அவருக்குப் பின் 1935-இல் குன்னூருக்கு வந்த அய்க்ராய்டு நமக்குக் கொஞ்சம் ஆறுதல் தந்தார். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. ஆலையில் தீட்டிய பச்சரிசியையே நம்பியிருந்த வட ஆந்திரக் கடற்கரையில் பெரிபெரி நோய் இருந்தது. புழுங்கல் அரிசி உண்ட இடங்கள் தப்பின. நெல் புழுக்கும் அண்டாவை மூட்டிய நம் பாட்டிமார்களுக்கு வைட்டமின் என்ற சொல் தெரியாது. ஆனால் காரியம் நடந்திருக்கிறது. குன்னூர் ஆய்வகம் 1958-இல் ஐதராபாத்துக்குப் போய்விட்டது. இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்பது அதுதான்.

ஆக, தகவலுக்குப் பஞ்சமில்லை. நூறு வருடமாக எழுதி வைத்திருக்கிறார்கள். பிறகும் ஏன் நடக்கவில்லை?

1934-இல் காந்தி அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தைத் தொடங்கினார். அதன் செயலாளர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. கைக்குத்தல் அரிசி அந்தச் சங்கத்தின் முக்கியமான வேலைகளில் ஒன்று. உடம்புக்கும் நல்லது, கிராமத்துக்கும் பிழைப்பு என்பது அவர்கள் கணக்கு. குமரப்பா மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் செய்யூர் பக்கம் இருந்த என் பாட்டி வீடு நினைவுக்கு வருகிறது. விடிவதற்கு முன்னால், திண்ணையில் படுத்திருக்கும் எனக்கு உலக்கைச் சத்தம் கேட்கும். பாட்டியும் சித்தியும் எதிரெதிரே நின்று ஒரே உரலில் மாற்றி மாற்றிக் குத்துவார்கள். ஒருத்தி உலக்கை மேலே போகும்போது மற்றவள் உலக்கை கீழே வரும். பிறகு முறத்தில் புடைத்து, உமி வேறு, தவிடு வேறு, நொய் வேறு என்று பிரிக்க வேண்டும். பத்துப் பேர் சாப்பிடும் வீடு. சித்தியின் உள்ளங்கை காய்த்துப்போய், என் கன்னத்தைத் தடவினால் சொரசொரவென்றிருக்கும்.

பக்கத்து ஊரில் ரைஸ் மில் வந்தபோது அந்த வீட்டில் யாரும் வைட்டமினைப் பற்றி யோசிக்கவில்லை. நெல் மூட்டையை வண்டியில் ஏற்றியவர்களில் முதல் ஆள் சித்திதான். கைக்குத்தல் தொழிலைக் காப்பாற்ற, அனுமதியில்லாமல் புது அரிசி ஆலை வைக்கக் கூடாது என்று 1958-இல் மத்திய அரசு சட்டமே போட்டது. அனுமதி, உரிமம், ஆய்வு என்று எழுத்தர்களுக்கு வேலை கொடுத்தது அந்தச் சட்டம். உலக்கை திரும்பி வரவில்லை. என் மனைவி கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அது சித்தியின் கை. ஆரோக்கியத்தைப் பேசியவர்கள் ஆண்கள், குத்தியவர்கள் பெண்கள்.

'அந்தக் காலத்துச் சாப்பாடு' என்று உருகுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் ரங்கூன் அரிசி நின்றது. பின்னாலேயே ரேஷன் வந்தது. ராஜாஜி 1952-இல் கட்டுப்பாட்டை எடுக்கும்வரை அளந்து தின்ற ஜனங்கள் நாம். கம்பும் கேழ்வரகும் உடம்புக்கு நல்லது என்றா தின்றார்கள்? நெல்லுச்சோறு கிடைக்காததால் தின்றார்கள். பண்டிகைக்குப் பண்டிகை சோறு பார்த்த குடும்பங்கள் எத்தனையோ. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சு அப்படி எடுபட்டதற்கு அதுதான் காரணம். 2011-லிருந்து ரேஷனில் அரிசி இலவசம். அதைக் கேலி செய்பவர் பசி அறியாதவர்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அடுப்படியிலிருந்து போன கூழ், அம்மன் கோயிலிலிருந்து போகவில்லை. ஆடி வந்தால் சதுரங்கப்பட்டினம் முதல் கோவளம் வரை கடற்கரைக் குப்பங்களில் இன்றும் கூழ் ஊற்றுகிறார்கள். அதற்கு ஒரு மாதம் இருக்கிறது, ஒரு கிழமை இருக்கிறது, அண்டா இருக்கிறது, சொம்போடு வரிசையில் நிற்க ஊர் இருக்கிறது. யாரும் தனியாக மன உறுதியை வரவழைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பள்ளியில் படித்த ஒரு கதையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் ஒரு காலத்தில் உருளைக்கிழங்கைத் தொடமாட்டார்கள். பன்றித் தீனி என்பார்கள். 1772-இல் பாரிஸ் மருத்துவ வல்லுநர்கள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று அறிவித்தும் பயனில்லை. பார்மான்டியே என்ற மருந்தாளர், போரில் பிரஷ்யாவில் கைதியாக இருந்தபோது உருளைக்கிழங்கைத் தின்றே பிழைத்தவர். அவர் பதினாறாம் லூயியிடம் நிலம் வாங்கிக் கிழங்கு பயிரிட்டு, பகலில் சிப்பாய்களைக் காவல் வைத்து, இரவில் காவலை எடுத்துவிட்டாராம். அரசன் காவல் வைக்கும் பண்டமாயிற்றே என்று ஜனங்கள் திருடிப் போய் நட்டார்களாம். கதையில் எவ்வளவு உண்மையோ, எங்கள் ஆசிரியர் அதைச் சொல்லும்போது கண் மின்னும். 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, கிழக்குக் கடற்கரைச் சாலை ஓட்டல்களில் தினைப் பொங்கல் விலையைப் பார்க்கும்போதெல்லாம் பார்மான்டியே நினைவு வருகிறது. மதிப்பு ஏறினால் நாக்கும் மாறும். பென்ஷனில் கட்டுப்படியாவதுதான் கஷ்டம்.

என் சொந்த அனுபவத்தில், சாப்பாட்டு விஷயத்தில் ஊரே சேர்ந்து மாறியதை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். 1965-இல் பாகிஸ்தானோடு போர். அமெரிக்கக் கோதுமையை எதிர்பார்த்திருந்த நேரம். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒரு வேளை சாப்பாட்டை விடுங்கள் என்று நாட்டைக் கேட்டார். திங்கட்கிழமை இரவு என்று ஆயிற்று. ஓட்டல்களும் திங்கள் மாலை அடுப்பை அணைத்தன. எனக்கு அப்போது பதினான்கு வயது, எந்நேரமும் பசி. ஆனால் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் தாளிக்கும் வாசனை வராததால் பசி அவ்வளவாகத் தெரியவில்லை. சாஸ்திரி 1966 ஜனவரி 11-இல் தாஷ்கண்டில் இறந்துபோனார். கொஞ்ச நாளில் தெருவில் ஒவ்வொரு வீடாகத் தாளிக்கத் தொடங்கியது. எங்கள் வீட்டில் அம்மா மட்டும் கடைசிவரை விட்டார். அவருக்குத் திங்கட்கிழமை முன்பே சோமவார விரதம். சாஸ்திரி சொன்னது அதன் மேல் உட்கார்ந்துகொண்டது.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விலா எலும்பு தெரிய ஒற்றைக்காலில் நிற்கும் தவசி ஒருவர். கீழே, யானைகளின் அருகே, அதேபோலக் கையைத் தூக்கித் தவம் செய்யும் ஒரு பூனை. சுற்றிலும் அதை நம்பி எலிகள். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பியின் குறும்பு. போன வருடம் பேரனை அழைத்துப் போயிருந்தேன். "தாத்தா, இந்தப் பூனையும் டயட்டா?" என்றான். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எட்டாவது முறை தொடங்கியபோது பை நிறைய எதுவும் வாங்கவில்லை. அட்டவணையையும் பிரிட்ஜிலிருந்து எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை இரவு சோறு கிடையாது, முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை. அதைச் செய்வது நான். அவ்வளவுதான் தீர்மானம். பிறகு அது வியாழனுக்கும் பரவியது. கொளவாய் ஏரிப் பக்கம் நடக்க, என்னைப் போலவே சர்க்கரை உள்ள பழைய சகா ஒருவர் காலை ஐந்தரைக்கு வாசலில் வந்து நின்று இருமுவார். அந்த இருமலுக்கு பயந்தே எழுந்துவிடுகிறேன். இரண்டு வருடம் ஓடிவிட்டது. மூன்று மாதச் சர்க்கரை அளவு இன்னும் டாக்டர் கேட்கும் இடத்துக்கு வரவில்லை. ஆனால் ஏறவும் இல்லை.

கீரை ஆய்வது எவ்வளவு நேரம் பிடிக்கும் காரியம் என்பது எழுபது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது. நான் குச்சியும் இலையுமாகப் போராடிக்கொண்டிருக்க, என் மனைவி கூடத்தில் நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படிக்கிறாள். போன திங்கட்கிழமை முதல் அடையைப் பிய்த்து வாயில் போட்டவள், "உப்பு கம்மிங்க" என்றாள். "டாக்டர் குறைக்கச் சொன்னார்" என்றேன். "அதுக்குன்னு இவ்வளவா?" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது அடைக்குத் தட்டை நீட்டினாள்.