பி வகுப்பு வான்வெளி

பி வகுப்பு வான்வெளி என்பது ஐக்கிய அமெரிக்காவில் போக்குவரத்து மிகுந்த வானூர்தி நிலையங்களைச் சூழ்ந்துள்ள கட்டுப்பாட்டு வான்வெளி ஆகும். இது பொதுவாகத் தரையிலிருந்து, கடல் மட்டத்துக்கு மேல் 10,000 அடி வரை அமையும். மேலே செல்லச் செல்ல அகலும் அடுக்குகள் கொண்டது என்பதால், கவிழ்த்து வைத்த அடுக்குக் கேக்குக்கு இதனை ஒப்பிடுவர்.

நுழைவு விதிகள்

வானொலித் தொடர்பு மட்டும் போதாது. வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் வெளிப்படையான அனுமதி தேவை. மாணவ வானோடி தனியாகப் பறக்க, அதே வான்வெளியில் பயிற்சி பெற்று, முந்தைய 90 நாட்களுக்குள் பயிற்றுநரின் ஒப்புதலைப் பதிவேட்டில் பெற்றிருக்க வேண்டும்.

வரலாறு

1986 ஆகஸ்ட் 31 அன்று, அப்போது முனையக் கட்டுப்பாட்டுப் பகுதி எனப்பட்ட லாஸ் ஏஞ்சலஸ் வான்வெளிக்குள் அனுமதியின்றி நுழைந்த சிறு வானூர்தி, செரிட்டோஸ் நகருக்கு மேல் பயணிகள் வானூர்தியுடன் மோதியது. 82 பேர் உயிரிழந்தனர். இதன் பின்னர், உயரத்தை அறிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் தொடர்பான விதிகள் கடுமையாக்கப்பட்டன. 1993 இல் இப்பகுதிகள் பி வகுப்பு எனப் பெயர்மாற்றம் பெற்றன.