தலையாட்டும் சிவப்பு மாடும் பெரியம்மையும்

சிவப்பு உடம்பு. அதில் கருப்புப் புள்ளிகள். லேசா தட்டினா போதும், "ஆமா ஆமா"ன்னு தலையாட்டும் ஒரு காகித மாடு.

ஜப்பானின் ஃபுகுஷிமா மாகாணத்தில் ஐசு என்ற பகுதியின் பொம்மை இது. பெயர் அகபெகோ. "அகா" என்றால் சிவப்பு. "பெகோ" அந்த வட்டார வழக்கில் மாடு.

மர அச்சின் மேல் காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டிக் காய வைப்பாங்க. காய்ந்ததும் கீறி அச்சை வெளியே எடுத்துட்டு, கீறின இடத்தை மறுபடி ஒட்டி வண்ணம் பூசுவாங்க. தலை மட்டும் தனி. உடம்புக்குள்ள நூலில் தொங்கும். அதான் அந்த ஆட்டம்.

சரி, டாக்டருக்கு பொம்மையில என்ன வேலைன்னு கேக்குறீங்களா?

அந்தக் கருப்புப் புள்ளிகள் பெரியம்மைத் தழும்புகள் என்பது அங்குள்ள வழக்கு!

பெரியம்மை கண்டவர்களில் பத்தில் மூன்று பேர் வரை இறந்த காலம். மருந்து கிடையாது. அம்மையைக் கொண்டுவரும் தெய்வத்துக்கும் சிவப்பு நிறத்துக்கும் தொடர்புண்டு என்று ஜப்பானியர் நம்பினர். பிள்ளைக்குச் சிவப்பு உடை, பக்கத்தில் சிவப்புப் படம், சிவப்பு பொம்மை.

சிரிக்காதீங்க. 1893இல் டென்மார்க் மருத்துவர் ஃபின்சன், அம்மை நோயாளிகளைச் சிவப்பு வெளிச்ச அறையில் வைக்கச் சொன்னார். 1903இல் தோல் காசநோய்க்கான ஒளி சிகிச்சைக்காக நோபல் பரிசு வாங்கியவர் அவர். ஆனா அம்மையை அந்தச் சிவப்பும் தடுக்கல.

தடுத்தது நிஜமாகவே மாடு தான்!

1796இல் ஜென்னர் மாட்டம்மையிலிருந்து தடுப்பூசியைக் கண்டறிந்தார். வேக்சின் என்ற சொல்லே லத்தீனில் பசுவைக் குறிக்கும் "வக்கா"விலிருந்து வந்தது. 1849இல் பட்டாவியாவிலிருந்து மாட்டம்மைப் பொருக்கு கப்பலில் நாகசாகிக்கு வந்தது. அதே ஆண்டே ஒசாகாவில் மருத்துவர் ஒகாட்டா கோவான் தடுப்பூசி நிலையம் தொடங்கிட்டார்.

மக்கள் பயந்தாங்க. பயத்தைப் போக்க, வெள்ளை மாட்டின் மேல் அமர்ந்த சிறுவன் அம்மை அரக்கனை விரட்டுவது போல அச்சுப்படங்கள் வெளியாகின. மக்களுக்குப் புரிந்த மொழியிலேயே மருத்துவம் பேசியது.

1980இல் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

பிள்ளை தலைமாட்டில் சிவப்பு மாட்டை வைத்த தாயை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனசு வரல. அவள் கையில் வேறெதுவும் இல்லை.

நம் கையில் தடுப்பூசி இருக்கு. பொம்மையும் வாங்கிக் கொடுங்க. ஊசியைத் தவற விடாதீங்க.