சுவார்ட்ஸ் நினைவுச் சிற்பம், தஞ்சாவூர்

சுவார்ட்ஸ் நினைவுச் சிற்பம் என்பது தஞ்சாவூரில் பெரிய கோயிலுக்கு அருகே, சிவகங்கைப் பூங்காவை ஒட்டியுள்ள சுவார்ட்ஸ் தேவாலயத்தில் அமைந்துள்ள வெண்பளிங்குப் புடைப்புச் சிற்பம் ஆகும். செருமானிய லூத்தரன் மறைபணியாளரான கிறித்தியான் பிரீட்ரிக் சுவார்ட்ஸ் (1726–1798) என்பவரின் நினைவாக, தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி நன்றிக்கடனாக இதனை அமைத்தார். செதுக்கியவர் ஆங்கிலேயச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் (1755–1826). இறுதிவரை இந்துவாகவே வாழ்ந்த மன்னர் ஒருவர் கிறித்தவப் போதகர் ஒருவருக்கு எழுப்பியது என்பதால் இச்சின்னம் தனிக் கவனம் பெறுகிறது. மன்னரின் நன்றி கல்லில் நிற்பதால் பலரும் அதனை அறிவர். அதற்கு முன்பே தஞ்சைச் சீமையின் உழுகுடிகள் இவருக்குச் செலுத்திய நன்றி அவ்வளவாக அறியப்படவில்லை.

பின்னணி

சுவார்ட்ஸ் இன்றைய போலந்து நாட்டில், அன்றைய பிரசியாவுக்கு உட்பட்டிருந்த சோனன்பர்க் என்னும் ஊரில் பிறந்தார். ஹாலே நகரில் கல்வி கற்றார். அந்நகரில் பிராங்கே என்பவர் 1690களில் தொடங்கிய அனாதை இல்லமும் பள்ளிகளும் பெரும்பாலும் நன்கொடைகளைக் கொண்டே வளர்ந்தவை. இறைவனிடம் பெற்றதற்கு நன்றியாகப் பிறருக்குக் கொடுத்தல் என்னும் கருத்து அங்கே பாடமாக மட்டுமன்றி அன்றாட நடைமுறையாகவும் இருந்தது. 1750இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்த சுவார்ட்ஸ், பின்னர் திருச்சிராப்பள்ளியில் பணியாற்றி, 1778 முதல் தஞ்சாவூரில் நிலையாகத் தங்கினார்.

இவர் மணம் செய்துகொள்ளவில்லை. எளிய உணவும் உடையுமே கொண்டிருந்தார். 1779இல் சென்னை ஆளுநரின் தூதராகச் சீரங்கப்பட்டணம் சென்றபோது, ஐதர் அலி வழிச்செலவுக்கென 300 ரூபாய் கொடுத்தார். திரும்பி வந்ததும் அதனைக் கம்பெனியாரிடம் ஒப்படைக்க முன்வந்தார் சுவார்ட்ஸ். அவரே வைத்துக்கொள்ளுமாறு கூறப்பட்டபோது, தஞ்சையில் ஏழைச் சிறுவர் பள்ளி ஒன்றுக்கு அதனை முதல் நிதியாக்கினார். இறக்கும்போது தம் சேமிப்பையும் மறைபணிக்கும் ஏழைகளுக்குமே விட்டுச் சென்றார்.

பஞ்சமும் 80,000 கலமும்

1781இல் ஐதர் அலியின் படைகள் தஞ்சைச் சீமையைப் பாழாக்கின. கோட்டைக்குள் பஞ்சம் தலைவிரித்தாடியது. நாள்தோறும் காலையில் தெருக்களில் பிணங்கள் கிடந்தன. இத்தனைக்கும் நாட்டுப்புறத்தில் நெல் இல்லாமல் இல்லை. அதனைக் கோட்டைக்குக் கொண்டுவர மாடுகள்தாம் கிடைக்கவில்லை. முன்னர் நெல்லையும் மாட்டையும் கொடுத்தவர்களுக்கு உரிய பணம் சேராததால், அரண்மனையின் சொல்லையோ கம்பெனியின் சொல்லையோ நம்ப உழவர்கள் அணியமாக இல்லை.

தமக்கும் ஆங்கிலேயருக்கும் மதிப்புப் போய்விட்டது, சுவார்ட்சையாவது மக்கள் நம்புகிறார்களா பார்ப்போம் என்று மன்னர் துளஜாஜி கூறியதாகச் சுவார்ட்ஸ் பின்னாளில் எழுதிய கடிதம் தெரிவிக்கிறது. உழவர்களுடன் தாம் விரும்பியவாறு உடன்படிக்கை செய்துகொள்ள அவருக்கு ஒரு வெற்றுத்தாள் அனுப்பப்பட்டது. தம் கையாலேயே பணம் தருவதாகவும், எதிரிகள் பிடித்துச் செல்லும் மாடுகளுக்கும் விலை கொடுப்பதாகவும் சுவார்ட்ஸ் ஊர்களுக்கு எழுதினார். ஓரிரு நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்தன. உபதேசியார் ஒருவரும் வேறு சில கிறித்தவர்களும் உயிரைப் பணயம் வைத்துச் சீமைக்குள் சென்றனர். குறுகிய காலத்தில் 80,000 கலம் தானியம் கோட்டையை அடைந்தது (ஒரு கலம் என்பது 12 மரக்கால்). சுவார்ட்ஸ் பேசியபடி பணம் கொடுத்து, சிறு அன்பளிப்பும் சேர்த்து மக்களை வழியனுப்பினார். அடுத்த ஆண்டும் இவ்வாறே அவர் உதவியால் மாடுகள் பெறப்பட்டன.

குடிகள் திரும்பி வருதல்

போர் ஓய்ந்த பின்னரும் அதிகாரிகளின் கொடுமை தாளாமல் குடிகள் பெருந்தொகையாக ஊரைவிட்டு வெளியேறினர். மன்னர் அளித்த உறுதிமொழி எடுபடவில்லை. சுவார்ட்ஸ் பொறுப்பேற்ற பிறகே, ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினர், மற்றவர்களும் தொடர்ந்தனர். சூன் மாதத்தில் தொடங்கவேண்டிய உழவு அவ்வாண்டு செப்டம்பர் தொடக்கம்வரை தள்ளிப்போயிருந்தது. காலம் கடந்துவிட்டதே என்று அவர் கவலைப்பட்டபோது, தங்களுக்கு இரக்கம் காட்டியவர் அதற்காக வருந்த நேராது என்றும், இரவும் பகலும் உழைத்து நன்றியைக் காட்டுவோம் என்றும் அவர்கள் மறுமொழி கூறினர். விளைச்சல் முந்தைய ஆண்டைவிட மிகுதியாக இருந்தது. இந்நிகழ்ச்சிகளுக்குச் சுவார்ட்சின் கடிதமே முதன்மைச் சான்று என்பதை நினைவில் கொள்ளவேண்டும். ஆயினும் அதில் தம் புகழைவிடத் தம்முடன் உழைத்தவர்களின் துணிவே முன்னிறுத்தப்படுகிறது.

சரபோஜியின் நன்றி

துளஜாஜி 1787இல் இறப்பதற்குச் சற்று முன் சரபோஜியைச் சுவீகாரம் எடுத்து, அச்சிறுவனைக் காக்குமாறு சுவார்ட்சை வேண்டினார். எனினும் அரியணை ஏறியவர் துளஜாஜியின் சகோதரர் அமர்சிங். அவர் ஆட்சியில் சரபோஜி கல்வியின்றி அடைபட்டுத் துன்புற்றார். சுவார்ட்சின் முயற்சியால் 1793இல் சென்னைக்கு அனுப்பப்பட்டு, அங்கே கெரிக்கே என்னும் மறைபணியாளரிடம் கல்வி பயின்றார். சுவார்ட்ஸ் 1798 பிப்ரவரி 13 அன்று காலமானார். சரபோஜி முடிசூடியது அதே ஆண்டு சூன் மாதத்தில். தாம் வளர்த்தவர் மன்னரானதைச் சுவார்ட்ஸ் காணவில்லை.

1801இல் சரபோஜி இலண்டனிலுள்ள கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகத்துக்குக் கடிதம் எழுதி, நினைவுச் சின்னம் ஒன்றைச் செய்து அனுப்புமாறு கேட்டார். பிளாக்ஸ்மன் செதுக்கிய சிற்பத்தில் சுவார்ட்ஸ் மரணப் படுக்கையில் இருக்கிறார். சரபோஜி அவர் கையைப் பற்றியுள்ளார். தலைமாட்டில் கெரிக்கேயும், அருகில் அரசவையினரும் பள்ளிச் சிறுவர் மூவரும் நிற்கின்றனர்.

நன்றி கல்லோடு நின்றுவிடவில்லை. கண்ணந்தங்குடியில் 50 ஏழைக் கிறித்தவச் சிறுவர்களுக்கு உணவும் கல்வியும் அளிக்கும் அறநிலையத்தைச் சரபோஜி நிறுவினார். சுவார்ட்ஸ் அழைத்துவந்து வளர்த்த வேதநாயகம் சாஸ்திரியாருக்கும் (1774–1864) அவரது ஆதரவு கிடைத்தது. 1806இல் அரண்மனைக்கு வந்த கிளாடியஸ் புக்கானன், தஞ்சை அரசர்களின் ஓவியங்கள் நிறைந்த மண்டபத்தில் சுவார்ட்சின் ஓவியமும் இருந்ததைப் பதிவு செய்துள்ளார்.

மாறுபட்ட பார்வைகள்

சுவார்ட்சின் செயல்கள் கம்பெனியின் நலனுக்கும் உதவின என்பது மறுக்கமுடியாதது. அவர் திரட்டிய தானியம் கோட்டையில் இருந்த ஆங்கிலேயப் படையையும் காத்தது. 1799 உடன்படிக்கையால் சீமையின் நிருவாகம் முழுவதும் கம்பெனிக்குச் சென்றது. தஞ்சைச் சபையில் சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கத்தையும் அவர் ஒழிக்கவில்லை. பேராயர் வில்சன் 1833இல் அதனைத் தடை செய்தபோது, வேதநாயகம் சாஸ்திரியாரே எதிர்த்தவர்களுள் ஒருவராக இருந்தார்.

கல்லறை

சிற்பம் உள்ள இடத்தில் சுவார்ட்ஸ் அடக்கம் செய்யப்படவில்லை. அவரது கல்லறை தஞ்சாவூரிலேயே தூய பேதுரு ஆலயத்தில் உள்ளது. அதன் கல்லில் பொறிக்கப்பட்டுள்ள ஆங்கிலப் பாவரிகளை எழுதியவர் சரபோஜி.