வீடுகளில் படைத் தங்கல்: கொங்கு நாடு

குடிமக்களின் இசைவின்றி அவர்கள் வீட்டில் படையாட்களை இறக்கி, சோறு, படுக்கைப் பொறுப்பையும் வீட்டார் தலையில் கட்டும் வழக்கம் படைத் தங்கல் எனப்படும்.

தமிழக அரசர்களின் ஆவணத்தில் இந்தச் சுமையிலிருந்து தந்த விலக்கு பதிவாகியிருக்கிறது. 4ஆம் நூற்றாண்டில் காஞ்சியிலிருந்து பல்லவ இளவரசன் சிவகந்தவர்மன் வெளியிட்ட மயிதவோலு செப்பேடு, ஆந்திரப் பகுதியின் ஓர் ஊரைப் பிராமணர் இருவருக்குத் தானமாக்குகிறது. அவ்வூருக்குள் படைவீரர் நுழையக்கூடாது. சோறு, பானை, கட்டில், தங்க இடம் என எதையும் கேட்கக்கூடாது. தானம் பெறாத ஊர்களில் உழவர் வீட்டுக் கட்டில் படைக்காரனுக்குப் போயிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

மைசூருக்கும் தமிழகச் சமவெளிக்கும் இடையே, கஜ்ஜலஹட்டி, பாலக்காட்டுக் கணவாய்களின் வாயிலில் இருந்ததால் கோயம்புத்தூரை உள்ளடக்கிய கொங்கு, மைசூர்ப் போர்களில் ஓயாமல் மிதிபட்டது. கோயம்புத்தூரை 1768இல் ஆங்கிலக் கம்பெனியின் கர்னல் வுட் பிடித்தார். அவ்வாண்டு முடிவதற்குள் மைசூரின் ஹைதர் அலி மீட்டார். பின்னர் 1783இல் கம்பெனித் தளபதி புல்லர்ட்டன், 1790இல் மெடோஸ், 1791 நவம்பரில் ஹைதரின் மகன் திப்புவின் படை என அது கைமாறிக்கொண்டே இருந்தது. அக்காலப் படைகள் பெரும்பாலும் கூடாரங்களில்தான் தங்கின. ஆனால் தானியமும் வைக்கோலும் வண்டி மாடும் ஊரிலிருந்தே போயின. படைக்கு அஞ்சி ஊரே வீட்டைப் போட்டுவிட்டு ஓடுவதற்குத் தமிழில் 'வலசை' என்று தனிச்சொல் இருக்கிறது. ஒரு சொல் தேவைப்படும் அளவுக்கு அது நடந்திருக்கிறது.

இங்கிலாந்தில் 1628இன் உரிமை விண்ணப்பமும், அமெரிக்காவில் 1791இன் மூன்றாம் அரசமைப்புத் திருத்தமும் வீடுகளில் படைத் தங்கலை எதிர்த்தவை. இந்தியாவில் கம்பெனி ஆட்சியில் சிப்பாய்களுக்குத் தனிக் குடியிருப்பு வரிசைகள் ('லைன்') வந்ததால் வீடுகள் தப்பின. சுமை வேறு வழியில் வந்தது. 1908 மார்ச்சில் விடுதலைப் போராட்டத் தலைவர் வ.உ.சி. கைதானதும் எழுந்த கிளர்ச்சிக்காக நெல்லையிலும் தூத்துக்குடியிலும் தண்டப் போலீஸ் நிறுத்தப்பட்டது. செலவை ஊராரே வரியாகக் கட்டினர்.

கொங்கில் போலீஸின் சுமை 1942இல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தின்போது வந்தது. ஆகஸ்ட் 26 அன்று கோயம்புத்தூரை அடுத்த சூலூர் விமானதளத்தின் கொட்டகைகளும் லாரிகளும் எரிக்கப்பட்டன. சுற்றுவட்டார ஊர்களுக்குள் போலீஸ் புகுந்தது. பலர் சிறை சென்றனர். அதே மாதம் வந்த கூட்டு அபராத அவசரச் சட்டம், சிலர் செயலுக்கு ஊர் முழுவதையும் தண்டிக்க இடம் கொடுத்தது.

வீட்டாரையே வெளியேற்றிவிட்டுப் படை குடிகொண்டது இலங்கையின் யாழ்ப்பாணத்தில். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வீடிழந்தனர். 2013இல் அங்கே 6,381 ஏக்கரை எடுக்க இலங்கை அரசு அறிவிப்பு ஒட்டியது.

இந்தியாவின் 1952ஆம் ஆண்டு அசையாச் சொத்துக் கையகச் சட்டம், உரிமையாளர் தாமே குடியிருக்கும் வீட்டையும், வழிபாட்டிடம், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றையும் எடுக்க முடியாது என்கிறது. கொங்கு உழவர் குடும்பம் தோட்டத்துச் சாளையில், அதாவது நிலத்திலேயே கட்டிய வீட்டில், வாழ்வது. அச்சட்டம் சாளையைக் காக்கும். அதைச் சுற்றிய விளைநிலத்துக்கு அந்தக் காப்பு இல்லை.