சங்கு பொறித்த அஞ்சல் தலைகள்

தபால் தலைகளைத் தேடிச் சேர்ப்போர் உலகெங்கும் உளர். ஒரு நாடு தன்னைப் பற்றிப் பிறருக்கு எதனைச் சொல்ல விரும்புகிறதோ அதனைச் சிறு காகிதத் துண்டிலே சித்திரமாக்கி ஊர் ஊராக அனுப்புகிறது. 1840-ஆம் ஆண்டு மே மாதம் பிரிட்டன் வெளியிட்ட உலகின் முதல் ஒட்டுத் தபால் தலையில் விக்டோரியா அரசியின் முகம் இருந்தது. நாட்டின் பெயர் இல்லை. 1854-இல் இந்தியா முழுமைக்கும் வந்த தலைகளிலும் அதே அரசியின் உருவமே விளங்கிற்று. முடியுடையார் முகமே நாட்டின் அடையாளம் என்பது அக்காலத்துப் பெருவழக்கு. தபால் 'தலை' என்னும் நம் தமிழ்ப் பெயரும் அவ்வழக்கிற்குப் பொருந்தவே அமைந்துவிட்டது.

அவ்வழக்கிற்கு மாறாக நின்றது திருவிதாங்கூர். அங்கே 'அஞ்சல்' என்னும் பெயரால் அரசுக்கே உரிய தபால் முறை ஒன்று நடந்து வந்தது. சலங்கை கட்டிய கோலினைக் கையில் ஏந்தி, கடிதப் பையைச் சுமந்து ஓடிய அஞ்சலோட்டக்காரரின் ஒலி கேட்டால் வழியில் நிற்போர் விலகி இடம் விடுவர். 1888-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இந்த அஞ்சலுக்கென முதல் தலைகள் வெளிவந்தன. ஒரு சக்கரம் நீலம், இரண்டு சக்கரம் சிவப்பு, நான்கு சக்கரம் பச்சை. மூன்றிலும் அரசர் முகம் இல்லை. நடுவே ஒரு வலம்புரிச் சங்கு மட்டும் இருந்தது.

இதன் காரணம் அந்நாட்டு வரலாற்றிலே உள்ளது. 1750-ஆம் ஆண்டு மார்த்தாண்ட வர்மர் தம் நாட்டைப் பத்மநாப சுவாமியின் திருவடியில் வைத்து, அப்பெருமாளின் அடியவராக நின்று அரசாண்டார். அன்றுமுதல் அம்மரபில் வந்தோர் 'பத்மநாபதாசர்' எனப்பட்டனர். ஆளுபவர் இறைவன் எனில், அவன் கைச் சங்கே அரசின் முத்திரையாதல் இயல்பன்றோ! நாற்பத்து மூன்று ஆண்டுகள் அந்தச் சங்கு ஒன்றே கடிதங்களின்மேல் பயணம் செய்தது. 1931-இல் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் முடிசூட்டு விழாவை ஒட்டியே அரசரின் முகம் முதன்முறையாகத் தலையில் ஏறிற்று.

விலைக் குறிப்பும் வேடிக்கையானதே. பதினாறு காசு ஒரு சக்கரம். நான்கு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆகவே இருபத்தெட்டுச் சக்கரம் சேர்ந்தது ஒரு ரூபாய். ஏழு சக்கரம், பதினான்கு சக்கரம் என்னும் தலைகளைக் கண்டு பிறநாட்டார் திகைப்பர். கால் ரூபாயும் அரை ரூபாயுமே அவை.

இத்தலைகளுள் நாம் பெரிதும் போற்றத் தக்கவை 1937-இல் வந்தவை. வைக்கத்துத் தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924-இலும் 1925-இலும் சத்தியாக்கிரகம் நிகழ்ந்ததையும், ஈரோட்டு ஈ. வெ. ராமசாமி அதில் சிறை சென்றதையும் நேயர்கள் அறிவர். அதன் பின்னும் பல ஆண்டுகள் கழிந்து, 1936 நவம்பர் 12-ஆம் நாள் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளிவந்தது. அதனைக் குறிக்க வெளியிட்ட நான்கு தலைகளில் அரசரின் உருவத்தோடு கோயில்களின் உருவங்களும் இடம்பெற்றன. கன்னியாகுமரிக் கோயிலும் அவற்றுள் ஒன்று. கோயிற் கதவின் புறத்தே நிறுத்தப்பட்டிருந்தவர் கையிலும் சில காசுகளுக்கு அக்கோயிலின் படம் வந்து சேர்ந்தது. அரசாணையைப் படிக்க அறியாதவரும் அப்படத்தைப் பார்த்திருப்பர்.

1939-இல் அரசரின் பிறந்தநாளை ஒட்டி வந்த வரிசையில் அஷ்டமுடிக் காயலும், பத்மநாப சுவாமி கோயிலும், குமரிமுனையும் இருந்தன. காயலும் கோயிலும் இன்று கேரளத்தில் உள்ளன. முனை தமிழகத்தில் உள்ளது. 1949 ஜூலை முதல் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது சக்கரத்தின்மேல் அணாவும் பைசாவும் அச்சாயின. 1951 ஏப்ரல் முதல் நாள் அஞ்சல் இந்தியத் தபாலோடு கலந்தது. 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது.

அந்தப் பழைய நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், பாறசாலைக்கு வடக்கே, ஒற்றசேகரமங்கலம் என்னும் ஊரில் நாம் வளர்ந்தோம். பாட்டியார் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர். அவருடைய தமையனார் எழுதிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. பள்ளிப் பருவத்தில் தலை சேர்க்கும் ஆசை பிடித்தபோது, நாம் அக்கடிதங்களின் மூலைகளை வெட்டித் தண்ணீரில் ஊறவைத்துத் தலைகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்; எஞ்சியவை அடுப்பெரிக்கப் போயின. பாட்டியார் பார்த்தார். "படம் உனக்கு; எழுத்து எனக்கு அல்லவா, மக்கா?" என்று கேட்டதோடு நின்றார். அவர் சினந்திருந்தால் அது இத்தனை நாள் நினைவில் நின்றிராது.

எது போயிற்று என்பது பிற்காலத்திலேயே விளங்கிற்று. தலை எத்தனையோ கைகளில் இருக்கும். அதனைச் செல்லாததாக்கிய நாள் முத்திரையும், முகவரியும், உறையும் ஒன்றே ஒன்று. எந்த அலுவலகத்தில், எந்த நாளில், யார் யாருக்கு எழுதினார் என்பதை அவையே கூறும். நாகர்கோவிலிலிருந்து ஒற்றசேகரமங்கலத்திற்குக் கடிதம் வருவது அன்று ஒரே நாட்டின் அஞ்சல்; சென்னைக்கு எழுதவோ பிரிட்டிஷ் தபாலின் தலை வேண்டும். இன்று நாகர்கோவில் வேறு மாநிலம். ஆயினும் ஒரே இந்தியத் தலையே எங்கும் செல்லும். எல்லைகள் எவ்வாறு மாறின என்பதற்கு அப்பெட்டி முழுவதும் சான்றாக இருந்தது. சான்றை எரித்துப் படத்தை வைத்துக்கொண்டோம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு ஓர் ஆறுதல் உண்டு. திருவிதாங்கூரின் அஞ்சல் மறைந்தது, அச்சொல் மறையவில்லை. மத்திய அரசின் தமிழில் இன்று தபாலுக்கு அஞ்சல் என்பதே பெயர். கிரேக்கச் சொல்லொன்றிலிருந்து அது பிறந்தது எனச் சிலர் கூறுவர். தமிழிலோ 'அஞ்சாதே' என்னும் பொருளும் அதற்கு உண்டு. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நமக்கு ஊரிலிருந்து வந்த கடிதங்கள் பெரும்பாலும் அதனைத்தான் சொல்லின.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியின் அடியிலும் பழைய உறைகள் கிடக்கலாம். பிள்ளைகள் தலை சேர்க்க விரும்பினால் மகிழ்ந்து கொடுங்கள், உறையோடு கொடுங்கள். அதிலுள்ள தமிழை அவர்களால் படிக்க இயலாவிடில், அருகிலிருந்து நீங்களே படித்துக் காட்டுங்கள்.