கோல் அடிக்காதவரின் வரலாறு

விளையாட்டுச் செய்தி வாசிக்கும்போது நாம் எதைப் பார்க்கிறோம்? யார் எத்தனை ஓட்டம், யார் எத்தனை கோல் என்று பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். விழவேண்டிய கோலை விழாமல் தடுத்தவரின் பெயரை யாரும் தேடுவதில்லை. இன்று அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தோம். அவர் பெயர் சிட் ஸ்மித். உள்ளரங்க லக்ரோஸ் விளையாட்டில் தொழில்முறைத் தடுப்பாளராக விளையாடியவர். அவருடைய கதையோடு ஒரு சமூகத்தின் கதையும் சேர்ந்தே வருகிறது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

லக்ரோஸ் நம் பிள்ளைகளுக்குப் புதிய பெயர். ஒரு தடி, அதன் நுனியில் சிறு வலை. அந்த வலையால் பந்தைப் பிடித்து, சுமந்து ஓடி, எறிந்து கோல் போடவேண்டும். வட அமெரிக்காவின் பூர்வகுடிகள், அதாவது பழைய புத்தகங்களில் செவ்விந்தியர் என்று நாம் படித்த மக்கள், உருவாக்கிய விளையாட்டு இது. அவர்களில் ஹோடனோசோனி என்ற கூட்டமைப்பு முக்கியமானது. மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெகா, டஸ்கரோரா என்று ஆறு இனங்கள். அவர்களுக்கு இது வெறும் விளையாட்டு அல்ல. படைத்தவன் தந்தது என்றும், நோயுற்றவருக்கு மருந்து என்றும் நம்புகிறார்கள்.

சிட் ஸ்மித் அந்த மக்களில் ஒருவர். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கிராண்ட் ஆற்றங்கரையில் இருக்கும் சிக்ஸ் நேஷன்ஸ் அவரது ஊர். 1784இல் பிரித்தானிய ஆளுநர் ஹால்டிமண்ட், தமக்காகப் போரிட்ட இம்மக்களுக்கு அந்த ஆற்றின் இரு பக்கமும் ஆறு ஆறு மைல் நிலம் தருவதாகப் பிரகடனம் செய்தார். ஏறத்தாழ 950,000 ஏக்கர். இன்று அவர்கள் கையில் மிஞ்சியிருப்பது சுமார் 46,000 ஏக்கர். காணிப் பிரச்சினை என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

நிலம் போன மாதிரியே விளையாட்டும் போனது. மொன்றியலைச் சேர்ந்த பல் வைத்தியர் வில்லியம் ஜோர்ஜ் பியர்ஸ் 1860களில் லக்ரோஸுக்கு விதிகள் எழுதினார். கனடா அதைத் தன் தேசிய விளையாட்டாகக் கொண்டாடியது. 1880இல், பணம் வாங்காமல் விளையாடுபவர்களுக்கு மட்டுமே இடம் என்று சங்கம் முடிவெடுத்தது. பயணச் செலவுக்குக் காசு இல்லாத பூர்வகுடி அணிகளை அந்த விதி வெளியே தள்ளியது. விளையாட்டைப் பெற்றெடுத்தவர்களுக்கே அதன் வாசல் மூடப்பட்டது.

1931இல் மொன்றியலில் இன்னொரு மாற்றம் வந்தது. ஐஸ் ஹொக்கி அரங்குகள் கோடையில் சும்மா கிடந்தன. அவற்றுக்குள் லக்ரோஸைக் கொண்டுவந்தார்கள். சுற்றிலும் பலகைச் சுவர், குறைவான ஆட்கள், சிறிய கோல். பூர்வகுடி ஊர்கள் இந்த உள்ளரங்க வடிவத்தை ஆசையோடு தமதாக்கிக்கொண்டன. சிக்ஸ் நேஷன்ஸ் பிள்ளைகள் வளர்ந்தது இதில்தான்.

இதில் தடுப்பாளரின் வேலை கடினமானது. வெளி மைதானத்தில் அவருக்கு ஆறடி வரை நீளமான தடி உண்டு. உள்ளரங்கில் எல்லோருக்கும் ஏறத்தாழ மூன்றரை அடித் தடிதான். எதிராளியைத் தூரத்தில் நிறுத்திவைக்க முடியாது. நெருங்கி நின்று, தோளால் தாங்கி, கால்களால் வழியை அடைக்க வேண்டும். தொழில்முறை லீக்கில் தாக்கும் அணிக்கு 30 வினாடிதான் தருவார்கள். அதற்குள் கோலை நோக்கி எறியவேண்டும். அந்த 30 வினாடியும் கோல் விழாமல் பார்த்துக்கொண்டு, பந்தைத் தாக்குதல் வீரரிடம் சேர்த்துவிட்டு, தடுப்பாளர் ஓடிப்போய் வாங்கில் உட்காருவார். கோலைக் கொண்டாடும்போது பெரும்பாலும் அவர் களத்தில்கூட இருக்கமாட்டார்.

சிட் ஸ்மித் யார் என்பதை ஒரே காட்சியில் காட்டலாம். 2009 மே மாதம், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான வெளி மைதான லக்ரோஸ் இறுதிப் போட்டி. சிரக்கியூஸ் பல்கலைக்கழகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் மோதின. கடைசி நிமிடங்களில் ஸ்மித்தின் சிரக்கியூஸ் அணி 6க்கு 9 என்று பின்தங்கியிருந்தது. மூன்று கோல் போட்டுச் சமப்படுத்தினார்கள். மூன்றாவது கோல் விழும்போது மீதமிருந்தது ஐந்து வினாடிகூட இல்லை. மேலதிக நேரம் தொடங்கியதும் பந்து கோர்னெல்லிடம் போனது. ஒரு கோல் விழுந்தால் எல்லாம் முடிந்தது. அப்போதுதான் ஸ்மித் எதிராளியின் தடியிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்தார். பந்து கைமாறி முன்னே போனது. கோடி ஜேமிசன் இடக்கையால் எறிந்து கோல் போட்டார். 10க்கு 9, சிரக்கியூஸ் சம்பியன்.

ஜேமிசனும் சிக்ஸ் நேஷன்ஸ்காரர். ஒரே ஊர்ப் பிள்ளைகள் இருவர்: ஒருவர் பறித்தார், மற்றவர் முடித்தார். புகைப்படங்களில் நிறைந்தவர் ஜேமிசன்தான்.

பின்னர் இருவரும் தேசிய லக்ரோஸ் லீக்கில் ரொச்செஸ்டர் நைட்ஹோக்ஸ் அணியில் சேர்ந்து விளையாடினார்கள். அணியின் உரிமையாளர் கேர்ட் ஸ்டைர்ஸும் அதே ஊரைச் சேர்ந்தவர். 2012, 2013, 2014 என்று மூன்று வருடம் தொடர்ந்து அந்த அணி சம்பியனானது. லீக் வரலாற்றில் அதற்கு முன் எந்த அணியும் அதைச் செய்ததில்லை. 2014இல் லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருது ஜேமிசனுக்குக் கிடைத்தது. பின்னால் நின்று தடுத்தவர்கள் இல்லாமல் மூன்று கிண்ணங்கள் வந்திருக்காது என்பது விளையாட்டுத் தெரிந்த எவருக்கும் விளங்கும்.

இனி அரங்குக்கு வெளியே நடந்ததைச் சொல்லவேண்டும். 1923இல் சிக்ஸ் நேஷன்ஸின் கயூகா தலைவர் டெஸ்கஹே, தம் மக்களின் சொந்தக் கடவுச்சீட்டோடு ஜெனீவாவுக்குப் போனார். கனடா எங்கள் ஆட்சியுரிமையைப் பறிக்கிறது என்று சர்வதேச சங்கத்திடம் முறையிட்டார். பாரசீகம், அயர்லாந்து, எஸ்தோனியா, பனாமா ஆகிய நாடுகள் அவருக்கு ஆதரவாகப் பேசின. பிரித்தானியா தடுத்தது. 1924இல் கனடா அம்மக்களின் பாரம்பரிய சபையைக் கலைத்து வேறொரு சபையை அமைத்தது. அடுத்த வருடம் டெஸ்கஹே காலமானார்.

கடவுச்சீட்டுப் பிரச்சினை அவரோடு முடியவில்லை. 1983இல் ஹோடனோசோனி மக்கள் தங்களுக்கென ஒரு தேசிய லக்ரோஸ் அணியை உருவாக்கினார்கள். 2010 ஜூலையில் உலகக் கிண்ணம் இங்கிலாந்தின் மன்செஸ்டரில். அணி நியூ யோர்க் வரை வந்துவிட்டது. அவர்களுடைய கடவுச்சீட்டை ஏற்கமாட்டோம் என்றது பிரித்தானியா. அப்போதைய அமெரிக்க வெளிவிவகாரச் செயலாளர் ஹிலாரி கிளின்டன் தலையிட்டு, அமெரிக்கா ஒருமுறை விதிவிலக்கு தரும் என்றார். அப்போதும் பிரித்தானியா இறங்கி வரவில்லை. அமெரிக்கக் கடவுச்சீட்டோ கனடாக் கடவுச்சீட்டோ எடுத்துக்கொண்டு போயிருந்தால் விளையாடியிருக்கலாம். அவர்கள் எடுக்கவில்லை. உலகக் கிண்ணம் அவர்கள் இல்லாமலே நடந்தது.

ஐந்து வருடம் கழித்து, 2015இல், உள்ளரங்க லக்ரோஸ் உலகக் கிண்ணத்தை ஒனொண்டாகா மக்கள் தங்கள் மண்ணிலேயே நடத்தினார்கள். வந்த அணிகளின் கடவுச்சீட்டில் ஹோடனோசோனி முத்திரை பதிக்கப்பட்டது. இங்கிலாந்து அணியும் வந்திருந்தது. இறுதிப் போட்டியில் கனடாவிடம் தோற்றார்கள். ஆனாலும் அந்த முத்திரையை யாரும் தோல்வி என்று சொல்லமாட்டார்கள்.

2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் லக்ரோஸ் மீண்டும் வருகிறது. தங்கள் பெயரில், தங்கள் கொடியோடு விளையாடக் கேட்கிறார்கள் ஹோடனோசோனி மக்கள். 2023 டிசம்பரில் அமெரிக்க ஜனாதிபதி பைடனே அதை ஆதரித்தார். ஒலிம்பிக் குழுவோ, அங்கீகரிக்கப்பட்ட தேசிய ஒலிம்பிக் சங்கம் வேண்டும், இல்லையேல் கனடாவுக்கோ அமெரிக்காவுக்கோ விளையாடுங்கள் என்கிறது. 2010இல் கேட்ட அதே பதில்.

இந்த வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும் என்று நினைக்கிறோம். சிறிய சமூகத்துக்கு எப்போதும் கோல் அடிக்க வாய்ப்புக் கிடைப்பதில்லை. பெயரை, காணியை, பெரியவர்கள் விட்டுச்சென்றதை விட்டுக்கொடுக்காமல் நிற்கும் வேலைதான் பெரும்பாலும் நம் பங்குக்கு வருகிறது. அதற்குக் கைதட்டல் குறைவு. பிள்ளைகளுக்குப் புள்ளிகளையும் பரிசுகளையும் மட்டுமே அளந்து காட்டினால், அந்த வேலையைச் செய்ய நாளை யார் இருப்பார்கள்?

உங்கள் ஊரிலும் அப்படித் தடுத்து நின்றவர்கள் இருந்திருப்பார்கள். பள்ளிக்கூடக் காணியைக் காப்பாற்றியவர், பழைய பதிவேட்டைப் பத்திரப்படுத்தியவர் என்று யாராவது. அவர்களைப் பற்றித் தெரிந்ததைக் கீழே எழுதுங்கள். பிள்ளைகளும் வாசிக்கட்டும்.