அங்கீகாரமும் அளவுகோலும்

பள்ளியொன்றை நிறுவுவது ஒரு பணி. அதனைப் பள்ளியென்று பிறர் ஏற்கச் செய்வது மற்றொரு பணி. ஒடுக்கப்பட்டோரின் கல்விக்கு உழைத்தவர்கள் இவ்விரண்டையும் சுமக்க நேர்ந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

அந்நாட்டில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் வழங்கியவை, கல்லூரிகளும் பள்ளிகளும் கூடி அமைத்த வட்டாரச் சங்கங்களே. தென் மாநிலங்களின் சங்கம் 1895இல் தோன்றியது. நூலகம், ஆய்வுக்கூடம், ஆசிரியர் தகுதி, பாடவேளை ஆகியனவே அதன் அளவுகோல்கள். ஒரு பாடத்தை 120 மணி நேரம் பயின்றால் ஓர் அலகு என்னும் கார்னெகி முறையும் 1906 முதல் பரவிற்று. கறுப்பினப் பள்ளிகளுக்கோ அரசு ஒதுக்கிய பணம் மிகச் சொற்பம். 1930 வரை அப்பள்ளிகளை மதிப்பிடவே சங்கம் முன்வரவில்லை. பின்னரும் தனிப் பட்டியலில் சேர்த்ததேயன்றி உறுப்புரிமை தரவில்லை. ஆகவே கறுப்பினக் கல்லூரிகளும் பள்ளிகளும் 1930களில் தமக்கெனத் தனிச் சங்கம் கண்டன.

அதே காலத்தில், 1933 முதல் 1941 வரை, 'எட்டாண்டு ஆய்வு' நடைபெற்றது. 30 பள்ளிகள் தம் பாடத்திட்டத்தைத் தாமே வகுத்தன. 300க்கு மேற்பட்ட கல்லூரிகள் வழக்கமான நிபந்தனைகளைத் தளர்த்தி அவற்றின் மாணவரைச் சேர்க்க இசைந்தன. அவர்களுள் 1,475 பேரைப் பிற பள்ளி மாணவரோடு இணை இணையாக ஒப்பிட்டபோது, புதுமுறையில் பயின்றோர் பின்தங்கவில்லை, சற்று முன்னின்றனர். துணிந்து மாற்றம் செய்த பள்ளிகளின் மாணவரே மிகவும் சிறந்து விளங்கினர்.

அவ்வாய்வில் கறுப்பினப் பள்ளிகளுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. அக்குறையை நீக்க, 1940 முதல் 1946 வரை கறுப்பினரின் சங்கமே தம் பள்ளிகளில் தனி ஆய்வை நடத்தியது. டபிள்யூ. ஏ. ராபின்சன் அதற்குத் தலைமை தாங்கினார். ஒரே திட்டத்தைப் பள்ளிகள்மீது திணிக்கவில்லை. ஆசிரியர்கள் கோடைக்காலப் பயிலரங்குகளில் கூடித் தம் மாணவரின் வாழ்க்கைத் தேவைகளை ஆராய்ந்து பாடங்களை மாற்றினர். மதிப்பிடப்படுவோராக மட்டும் இருந்தவர்கள், தம்மைத் தாமே மதிப்பிடும் உரிமையை எடுத்துக்கொண்டனர்.

இக்கருத்து பின்னாளிலும் தழைத்தது. நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெம் பகுதியில் டெபோரா மையர் 1985இல் தொடங்கிய சிறிய உயர்நிலைப் பள்ளியில், மாணவர் தம் படைப்புகளைக் குழுவொன்றின் முன் வைத்து, வினாக்களுக்கு விடையளித்துத் தேறினர்.

இவர்கள் கேட்டது தாழ்ந்த அளவுகோலன்று, நேர்மையான அளவுகோல். பணமும் கட்டடமும் உடையோருக்கென வகுத்த அளவு, அவையில்லாதோரின் கல்வியை அளக்காது. அவர்களின் இல்லாமையையே அளக்கும். கல்விக் கழகம் நடத்தும் நாம் நெஞ்சில் நிறுத்தவேண்டிய பாடம் இது.